உள்ளங்கைக் கணனியும் அதன் பணிசெயல் முறைமையும்

கணனி என்னும் பொறி தானாக ஒன்றுஞ் செய்யவல்லதன்று. அதன் உறுப்புக்களை ஒருங்கியையச் செய்வதும், நினைவகத்தைப் பங்கிட்டு வழங்குவதும், மனிதன் இடும் ஏவலை ஏற்று உரிய செய்நிரலிடம் ஒப்படைப்பதும் பணிசெயல் முறைமை எனப்படும் அடிப்படை மென்பொருளின் கடனாகும். மேசைமேல் இருக்கும் பெரிய கணனிக்கு அமைந்த முறைமையைச் சுருக்கினால் அது சட்டைப்பையில் அடங்கும் சிறு கணனிக்குப் பொருந்துமோ என்னும் வினா 1990களின் தொடக்கத்திலே பொறியியலாளர் முன் எழுந்தது. சிறு வருவாயுடைய குடும்பத்தினர் பெருஞ்செல்வரின் நடைமுறையைச் சிறிதாக்கிக் கைக்கொள்வாராயின் இடர்ப்படுவர். தம் வருவாய்க்கேற்ற தனி ஒழுங்கொன்றை வகுத்துக்கொள்வாராயின் குறைவின்றி வாழ்வர். பாம் கையடக்கக் கணனியின் பணிசெயல் முறைமை இவ்விரண்டாம் வழியிற் சென்றது. அதன் ஏற்றத்துக்கும் பின்வந்த இறக்கத்துக்கும் காரணம் அவ்வழியிலேயே அமைந்து கிடந்தது.

முன்னோர் முயற்சிகள்

அப்பிள் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜோன் ஸ்கலி, 1992ஆம் ஆண்டு சனவரியில், மக்கள் கையிற் கொண்டுசெல்லத்தக்க புதுவகைக் கருவியொன்றைத் ‘தனியாள் எண்ணிமத் துணைவன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் உலகுக்கு அறிவித்தார். 1993 ஆகத்து மாதத்தில் அந்நிறுவனத்தின் நியூற்றன் விற்பனைக்கு வந்தது. எழுதுவோர் தத்தம் இயல்பான கையெழுத்தில் எழுதினாலே போதும், பொறி அதனைப் படித்து அறிந்துகொள்ளும் என்பது நியூற்றனின் பெருமையாகப் பேசப்பட்டது. நோக்கம் உயர்ந்ததாயினும் அக்காலப் பொறியின் ஆற்றல் அதற்கு எட்டவில்லை. எழுதிய சொல் ஒன்றாகவும் திரையிற் றோன்றிய சொல் வேறொன்றாகவும் இருந்தமையால், அமெரிக்கச் செய்தித்தாள்களின் கேலிச்சித்திரங்களிலும் அது நகைப்புக்கு இடமாயிற்று. அதன் விலையோ ஏறத்தாழ 700 டொலர். சட்டைப்பையில் அடங்கும் அளவினதாகவும் அஃது இருக்கவில்லை.

பாம் நிறுவனத்தை 1992இல் நிறுவிய ஜெப் ஹோக்கின்ஸ் என்பவரும் முதலில் இத்தகைய தோல்வியைக் கண்டவரே. சூமர் என்ற பெயரில் 1993இல் வெளிவந்த கருவிக்கு அவருடைய நிறுவனம் மென்பொருள் எழுதியது. கசியோ, ரண்டி முதலிய நிறுவனங்கள் பங்குகொண்ட அக்கருவி மெதுவாக இயங்கியது, வாங்குவோரும் அருகினர். இதன்பின் ஹோக்கின்ஸ் புதிய கருவியின் அளவினதாக ஒரு மரத்துண்டைச் செதுக்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எவரேனும் ஒரு சந்திப்புக்கு நாள் கேட்டால், அம்மரத்துண்டை எடுத்து, குச்சியொன்றால் அதன்மேல் எழுதுவதுபோலப் பாவனை செய்வார். எந்தெந்த வேலைக்கு உண்மையில் கை அதனை நாடுகின்றது என்பதை அறிவதே அவர் நோக்கம். அம்மரத்துண்டு கலிபோர்ணியாவிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலையிற் பேணப்பட்டுள்ளது.

இவ்வாராய்ச்சியிலிருந்து நான்கு நியதிகள் பிறந்தன. கருவி சட்டைப்பையில் அடங்கல் வேண்டும்; விலை 300 டொலருக்கு மேற்படலாகாது; மேசைக் கணனியோடு எளிதில் ஒத்திசைதல் வேண்டும்; தாள் நாட்குறிப்பைப்போல விரைந்து பயன்படல் வேண்டும். போட்டிக்குரியது வேறொரு கணனியன்று, தாளே என்னுந் தெளிவு இந்நியதிகளிற் காணப்படுகின்றது.

1995இல் பாம் நிறுவனத்தை யூ. எஸ். றொபொற்றிக்ஸ் நிறுவனம் வாங்கியது. 1996இல் பைலற் 1000, பைலற் 5000 என்னும் இரு கருவிகள் விற்பனைக்கு வந்தன. முன்னையதன் விலை 299 டொலர். அதன் நினைவகம் 128 கிலோபைற்று. பின்னையதன் நினைவகம் 512 கிலோபைற்று. மோட்டறோலா நிறுவனத்தின் முறைவழியாக்கி 16 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. திரை குறுக்கும் நெடுக்கும் 160 புள்ளிகள் கொண்டது, வண்ணம் இல்லாதது. இரண்டு சிறிய மின்கலங்களே இவையனைத்துக்கும் வலுவளித்தன. இச்சிறு முதலை வைத்துக்கொண்டு பணிசெயல் முறைமை எவ்வாறு குடித்தனம் நடத்தியது என்பதே இனி நோக்கற்பாலது.

எழுத்து முறை

நியூற்றன் மனிதனின் கையெழுத்தைப் பொறி கற்கவேண்டும் என்றது. பாம் அச்சுமையை இருபாலார்க்கும் பங்கிட்டது. கிராபிற்றி எனப்பட்ட அதன் எழுத்து முறையிலே பெரும்பாலான எழுத்துக்கள் எழுத்தாணியைத் தூக்காது ஒரே கீற்றினால் எழுதப்படுவன. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து, நடுக்கோடு நீங்கி, கூரையின் வடிவாக நின்றது. எழுத்தாணி திரையை விட்டு எழும்போது ஓரெழுத்து முடிந்தது எனப் பொறி அறியும். ஆதலின் ஓரெழுத்து எங்கே முடிந்து மற்றையது எங்கே தொடங்குகின்றது என்னுங் கடினமான ஆராய்ச்சி அதற்கு வேண்டாதாயிற்று. எழுதும் இடத்தின் இடப்பகுதி எழுத்துக்கும் வலப்பகுதி இலக்கத்துக்கும் ஒதுக்கப்பட்டமையால், வட்டமாக எழுதப்பட்டது எழுத்தோ சுழியமோ என்ற மயக்கமும் நீங்கிற்று.

எழுதுகருவிக்கேற்ப எழுத்து வடிவம் இசைந்துகொடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு துளைபடும் என்பதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதுவது நம் ஏட்டுச்சுவடிகளில் வழக்காயிருந்தது என்பர். கிராபிற்றி கற்போரும் சிறிது பயிற்சியின் பின் அதனைத் தயக்கமின்றி எழுதினர். பிழை நேர்ந்தவிடத்தும் அது தம் கையின் பிழை என்பதை உணர்ந்து திருத்தக்கூடியவராயினர். நியூற்றனிடத்திலோ பிழை ஏன் நேர்ந்தது என்பதை அறிய வழியிருக்கவில்லை.

நினைவகத்தின் ஒழுங்கு

மேசைக் கணனியிலே தகவல்கள் வட்டில் கோப்புக்களாகக் கிடக்கும். வேலைசெய்ய வேண்டியபோது அவை நினைவகத்துக்குப் பிரதிபண்ணப்படும். வேலை முடிந்தபின் ‘சேமி’ என்னும் கட்டளையால் மீண்டும் வட்டிற் பதியப்படும். ஒரே தகவல் ஒரே வேளையில் இரண்டிடத்தில் இருத்தல் பெரிய கணனிக்குத் தகும். 128 கிலோபைற்று மட்டும் உடைய கருவிக்கு அஃது ஊதாரித்தனம். அன்றியும் பாம் கருவியில் வட்டு இல்லை. ஆகவே நினைவகம் இரு கூறாக வகுக்கப்பட்டது. ஒன்று செய்நிரல் இயங்கும்போது தற்காலிகமாகப் பயன்படும் சிறு பகுதி. மற்றையது தகவலும் செய்நிரல்களும் நிலையாக உறையும் சேமிப்புப் பகுதி. செய்நிரல்கள் சேமிப்புப் பகுதியில் இருந்தவிடத்திலேயே இயங்கின. தகவலும் இருந்தவிடத்திலேயே திருத்தப்பட்டது. எழுதிய மாத்திரத்தே அது சேமிக்கப்பட்டதாயிற்று. ‘சேமி’ என்னும் கட்டளை அங்கு இல்லை.

கோப்புக்குப் பதிலாகப் பதிவு என்பதே இம்முறைமையின் அடிப்படை அலகு. ஒரு முகவரி ஒரு பதிவு. ஒரு குறிப்பு மற்றொரு பதிவு. பதிவு ஒவ்வொன்றுக்கும் தனக்கெனத் தனியிலக்கமும் அதனோடு எட்டுப் பிற்றுக் கொண்ட ஓர் அடையாளமும் உண்டு. அவ்வெட்டில் நான்கு, பதிவு திருத்தப்பட்டதா, அழிக்கப்பட்டதா, மறைவானதா, தற்போது கையாளப்படுகின்றதா என்பவற்றைக் குறிப்பன. எஞ்சிய நான்கும் அது எவ்வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டுவன. நான்கு பிற்றுக்களால் பதினாறு வேறுபாடுகளையே காட்டமுடியும். எனவே வகுக்கப்படாதவற்றுக்குரிய ஒன்று நீங்கலாக, பதினைந்து வகுப்புக்களையே பயன்படுத்துவோர் அமைத்துக்கொள்ள முடிந்தது. திரையிற் கண்ட ஒரு வரையறைக்கு நினைவகத்தின் ஆழத்திலே காரணம் இருந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

ஒன்றன்பின் ஒன்று

பாம் முறைமையில் ஒரு வேளையில் ஒரு பிரயோகச் செய்நிரலே பயன்படுத்துவோர் முன் இயங்கும். நாட்குறிப்பிலிருந்து முகவரிக்குச் செல்லும்போது, நாட்குறிப்புச் செய்நிரல் தான் நின்ற நிலையைக் குறித்து வைத்துவிட்டு முற்றாக விலகும். மீண்டும் அழைக்கப்படும்போது விட்டவிடத்திற் றொடங்கும். மாறுதல் நொடிப்பொழுதில் நிகழ்ந்தமையால், விலகிச் சென்றதைப் பயன்படுத்துவோர் உணர்ந்திலர்.

முழுக் கருவியிலும் ஒரு சொல்லைத் தேடும் முறை இதனினும் நயமானது. தேடுமாறு ஏவப்பட்டதும் முறைமை ஒவ்வொரு செய்நிரலையும் திரைக்கு வராத வகையில் அழைத்து, ‘உன்னுடைய பதிவுகளில் இச்சொல் உண்டோ’ என வினவும். ஒவ்வொன்றும் தன் விடையைக் கூறி அகலும்.

இவ்வொழுங்கினால் மின்வலுவும் மீதப்பட்டது. எழுத்தாணி தொடுதல், பொத்தான் அழுத்தப்படுதல் முதலிய நிகழ்வுகளை எதிர்நோக்கியிருக்கும் இடைவேளையில் முறைவழியாக்கி துயிலில் ஆழ்ந்துவிடும். ஆதலின் இரு சிறு மின்கலங்கள் பல வாரங்களுக்குப் போதுமாயின. கருவியின் முகப்பிலே நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியன, குறிப்பு என்பவற்றுக்கெனப் பொத்தான்கள் நான்கு இருந்தன. அவற்றுளொன்றை அழுத்தியதும் கருவி விழித்து, கேட்ட பக்கத்தை உடனே காட்டும். இடைமுகத்தை வடிவமைத்த றொப் ஹைற்றானி, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை தொடுகை வேண்டும் என்பதில் மிகுந்த கருத்துச் செலுத்தினார். அடிக்கடி செய்யப்படும் புதிய பதிவு சேர்த்தலுக்குத் திரையிலேயே இடங்கொடுக்கப்பட்டது. அருகியே செய்யப்படும் அழித்தல் தெரிவுப்பட்டியினுள் ஒதுக்கப்பட்டது.

ஒத்திசைவு

இந்நினைவகத்துக்குப் பெருங்குறை ஒன்றிருந்தது. மின்வலு முற்றாக அற்றுவிடின் உள்ளே இருந்த அனைத்தும் அழிந்துபோம். ஒருவர் பல்லாண்டு சேர்த்த முகவரிகளும் குறிப்புக்களும் இரு மின்கலங்களை நம்பியிருந்தன. இக்குறைக்கு மருந்தாக அமைந்ததே ஒத்திசைவு. கருவியைத் தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதன் தகவல் மேசைக் கணனியிலும் மேசைக் கணனியிற் செய்த மாற்றங்கள் கருவியிலும் பதியும். மேலே கூறிய பிற்று அடையாளங்களை நோக்கி, திருத்தப்பட்ட பதிவுகளை மட்டும் அனுப்பினாற் போதுமாகையால் வேலை விரைவில் முடிந்தது. ஒரே பதிவு இருபுறத்திலும் வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருப்பின், இரண்டும் பேணப்பட்டுத் தெரிவு உரியவரிடமே விடப்பட்டது. கருவி தொலைந்தாலும் உடைந்தாலும் தகவல் தப்பியது. இவ்வாற்றான் பாம் தன்னை ஒரு முழுக் கணனியாகக் கருதாது, மேசைக் கணனியின் துணையாகவே அமைத்துக்கொண்டது.

இறக்கம்

பைலற் பெருவெற்றி பெற்றது. 1998இல் அப்பிள் நிறுவனம் நியூற்றனைக் கைவிட்டது. அவ்வாண்டே ஹோக்கின்சும் துணைவர் சிலரும் பிரிந்து ஹான்ட்ஸ்பிறிங் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அதே முறைமையை உரிமம் பெற்றுப் பயன்படுத்தினர். சொனி முதலிய நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. ஆயினும் முன்னர் நலமாயிருந்தவை ஒவ்வொன்றாகத் தளையாக மாறின.

கிராபிற்றியின் தனிக்கீற்று முறை தன் உரிமையை மீறியது எனச் செரொக்ஸ் நிறுவனம் 1997இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு நீண்டு 2006இல் இணக்கத்தில் முடிந்தது. அதற்கெனச் செலுத்தப்பட்ட தொகை 22.5 மில்லியன் டொலர். இதற்கிடையில் 2003இல் வேறோர் எழுத்துமுறை புகுத்தப்பட்டது. அதிற் சில எழுத்துக்களுக்கு இரு கீற்றுக்கள் வேண்டியிருந்தமையால் பழையதிற் கைதேர்ந்தோர் இடர்ப்பட்டனர்.

கருவி தொலைபேசியோடு இணைந்தபோது நிலைமை மேலும் மாறியது. அழைப்பையும் மின்னஞ்சலையும் ஏற்றுக்கொண்டே வேறு வேலையும் நடைபெறல் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இயங்குமாறு அமைந்த செய்நிரல்களுக்கு அஃது எளிதன்று. மின்வலு அற்றாலும் அழியாத நினைவகம் 2004இல் வெளியான ரியோ 650 என்னும் தொலைபேசியிற் சேர்க்கப்பட்டது. அந்நினைவகமோ தகவலைக் குறித்த அளவுள்ள கட்டங்களாகவே ஏற்பது. சின்னஞ்சிறு பதிவுகளாக அமைந்த பாம் தகவல் அதிற் குடியேறியபோது வீணே இடம்பிடித்து வீங்கியது. பின்னர் திருத்தம் வழங்கவேண்டியதாயிற்று. 2002இல் புதிய வகை முறைவழியாக்கிக்கு மாறியபோதும், ஆயிரக்கணக்கான பழைய செய்நிரல்களைக் காத்தற்பொருட்டுப் பழைய முறைவழியாக்கியைப் பாவனை செய்யும் ஏற்பாடு உள்ளே வைக்கப்பட்டது. அடிமுதல் புதிதாக எழுதப்பட்ட கோபோல்ற் என்னும் ஆறாம் பதிப்பு 2004இல் ஆயத்தமாயிருந்தும், அதைத் தாங்கிய கருவியெதுவும் விற்பனைக்கு வரவில்லை. 2006இல் பாம் நிறுவனமே மைக்றோசொவ்ற் முறைமையில் இயங்கும் தொலைபேசியொன்றை விற்கலாயிற்று. பழைய முறைமையிற் புதிய கருவிகள் இனி வெளிவரா என்பது 2009இல் அறிவிக்கப்பட்டது.

முடிபு

பாம் முறைமையின் இறக்கத்தைக் கொண்டு அதன் ஆக்கியோர் பிழைபட்டனர் எனக் கூறல் பொருந்தாது. 1996ஆம் ஆண்டின் நினைவகமும் மின்கலமும் திரையும் இடக்கூடிய எல்லையை அவர்கள் செவ்வனே அளந்தறிந்தனர். அவ்வெல்லைக்குள் எதைச் செய்வது, எதை விடுவது என்பதைத் துணிந்தனர். ஆயினும் அத்துணிபுகள் நினைவகத்தின் அமைப்பிலும் செய்நிரல்களின் எழுத்திலும் ஊறிவிட்டமையால், எல்லை விரிந்த காலத்து அவற்றைக் களைதல் அரிதாயிற்று. வறுமையிற் பழகிய சிக்கனம் வளம் வந்தபோது வழிமறித்தது. பொறியியல் பயில்வோர் தாம் வகுக்கும் ஒவ்வொரு விதிக்கும் அதன் காரணத்தையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். காரணம் நீங்கியபோது விதியையும் மீள ஆராயலாம் அன்றோ?

அதன் பயன் முற்றாக மறைந்துபோகவுமில்லை. இன்று கைத்தொலைபேசியில் ஒரு குறிப்பை எழுதுவோர் ‘சேமி’ என்னுங் கட்டளையைத் தேடுவதில்லை. இடையில் வேறொன்றைப் பார்த்து மீளும்போது விட்டவிடமே எதிர்வரும் என எதிர்பார்க்கின்றனர். தொலைபேசி தொலைந்தாலும் முகவரிகள் வேறோரிடத்தில் உள என அமைதி கொள்கின்றனர். இவ்வெதிர்பார்ப்புக்களை 128 கிலோபைற்று நினைவகத்தைக் கொண்டே நிறைவேற்றிக் காட்டியது பாம் பணிசெயல் முறைமை.