சாவியைத் திரும்ப வாங்கினீர்களா?

கம்பம் பள்ளத்தாக்கின் இல்லங்களில் ஒரு காலத்தில் பத்திரங்கள் தகரப்பெட்டியில் இருந்தன. பட்டா, நிக்காஹ் பதிவு நகல், பாஸ்போர்ட், குமுளிக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்தின் கிரயப் பத்திரம் யாவும் அதனுள் அடக்கம். சாவியோ அம்மாவின் முந்தானை முடிச்சில். இன்று அவை கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பகத்தில், அதாவது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கின்றன. துபாயிலுள்ள பிள்ளை அங்கிருந்தே எடுத்துப் பார்க்கிறான். வசதிதான், மறுப்பதற்கில்லை.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. காகிதத்தைப் படமெடுக்கவும் கோப்புகளை அடுக்கவும் வேறு யாரோ செய்த செயலிகளை அந்தச் சேமிப்பகத்துடன் இணைக்கிறோம். எல்லாக் கோப்புகளையும் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் அனுமதி வேண்டும் என்று சில செயலிகள் கேட்கின்றன. ஹஜ் விண்ணப்பத்தின் கடைசி நாளில் அதை யார் படிக்கிறார்? 'அனுமதி' என்பதை அழுத்திவிடுகிறோம். உடனே, கடவுச்சொல் இல்லாமலேயே நுழைவதற்கு 'டோக்கன்' என்னும் மாற்றுச் சாவி அச்செயலியின் கைக்குப் போய்விடுகிறது.

2017 மே மாதத்தில் எவரோ 'கூகுள் டாக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு போலிச் செயலியைச் செய்து, தெரிந்தவர் அனுப்பியதுபோல் மின்னஞ்சலில் பரப்பினர். அது கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. அனுமதியை மட்டுமே கேட்டது. கொடுத்தவர்களின் முகவரிப் பட்டியலுக்கெல்லாம் அதே அஞ்சல் பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கூகுள் அதைத் தடுத்துவிட்டது.

நம் நாட்டில் பெரிதும் புழங்கிய கேம்ஸ்கேனர் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில், விளம்பரப் பகுதியினூடே தீய நிரல் புகுந்திருந்ததை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் கணக்குகளைத் தன்னுள் இணைத்துத் திறந்துகாட்டிய ஈ.எஸ். ஃபைல் எக்ஸ்புளோரரும் அப்பட்டியலில் இருந்தது.

பலர் அவற்றைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு நிம்மதியடைந்தனர். ஆனால் செயலியை நீக்குவதால் மாற்றுச் சாவி ரத்தாவதில்லை. கடவுச்சொல்லை மாற்றினாலும் எல்லாச் சமயங்களிலும் ரத்தாகிவிடாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, பெயரைத் தொட்டு, அணுகலை நாமே நீக்க வேண்டும்.

மக்காவாசிகள் பகைமை பாராட்டிய நாளிலும் தங்கள் பொருள்களை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே அமானிதமாக வைத்திருந்தனர். ஹிஜ்ரத்தின்போது அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை அண்ணலார் விட்டுச் சென்றார்கள். யாரிடம் வைக்கிறோம் என்று அறிந்தே அம்மக்கள் வைத்தனர். நாமோ பெயரும் ஊரும் அறியாதவரிடம் வைக்கிறோம். அதிலும் எல்லாம் நம்முடையவை அல்ல. தம்பியின் பாஸ்போர்ட்டும் தங்கையின் நிக்காஹ் பதிவும் அங்கேதான் இருக்கின்றன.

சென்ற மாதம் என் பட்டியலைத் திறந்தேன். ஐந்து பெயர்கள் இருந்தன. இரண்டை எப்போது இணைத்தேன் என்பதே நினைவில்லை. மூன்றாவது, என் மகள் எட்டாம் வகுப்பில் விளையாடிய சதுரங்கம். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.