தேநீர் குடித்துத் துப்பறிந்த சங்கர்லால்

துப்பறிவாளர் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன், 1926இல் தேவகோட்டையில் பிறந்தவர். இயற்பெயர் இராமநாதன், 'தமிழ்வாணன்' எனப் பெயர் சூட்டியவர் திரு.வி.க.

'கல்கண்டு' வார இதழின் ஆசிரியராக இருந்த அவர், அதில் எழுதிய தொடர்கதைகளால் வாசகர்களைச் சேர்த்தார். சங்கர்லாலுக்குத் தேநீர் என்றால் உயிர். துப்பறிய பெர்லின், நியூயார்க் வரை போவார். சிறு வாக்கியங்கள், ஆங்கிலம் கலக்காத தமிழ். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் கதையைத் தொடர முடிந்தது. வெற்றிக்குக் காரணம் அதுவே.

1977இல் அவர் மறைந்தாலும், அவர் தொடங்கிய மணிமேகலைப் பிரசுரம் நிலைத்தது.

சுங்கை காடுட் போன்ற வட்டாரங்களில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு எளிதில் விட்டுப்போகும். பாடநூலுக்கு மசியாத பிள்ளை மர்மக் கதைக்கு மசியலாம். வீட்டில் பழைய சங்கர்லால் நாவல் இருந்தால், பழைய நாளிதழோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.