தாத்தாவைத் தெரியாத கணினி



நம்ம பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் மேசையில் நடந்ததை நிறைய பேர் பார்த்தீங்க. பார்க்காதவங்களுக்காகச் சொல்கிறேன்.

முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வருவதற்கு மாலைமாற்று என்று பெயர். விகடகவி, குடகு, தேருவருதே எல்லாம் மாலைமாற்று. ஒரு சொல்லைத் தட்டினால் அது மாலைமாற்றா இல்லையா என்று சொல்லும் ப்ரோகிராம் ஒன்று நான் எழுதி வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் வந்து "தாத்தா" என்று தட்டினான். தா, த், தா. திருப்பினாலும் தாத்தாதான். ஆனால் கணினி "இல்லை" என்றது. அடுத்து "விகடகவி" தட்டினாங்க. அதுக்கும் "இல்லை". "அக்கா, உங்க கம்ப்யூட்டருக்கு தாத்தாவையே தெரியலையே!" என்று அந்தத் தம்பி சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முந்தின நாள் ஆங்கிலத்தில் "மேடம்", "லெவல்" என்று தட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் "ஆம்" என்றது. அதை நம்பிவிட்டேன். தமிழில் ஒரு சொல்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்பு. ஆனால் கணினி ஏன் அப்படிச் சொன்னது? அதைக் கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை.

ரூபி, ஐஆர்பி என்றால் என்ன?

ரூபி என்பது கணினிக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. இதை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ. 1995-இல் முதன்முதலாக வெளியிட்டார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

ரூபியோடு பேசுவதற்கு ஒரு கறுப்புத் திரை உண்டு. அதுதான் ஐஆர்பி. இதை முதலில் எழுதியவர் கெய்ஜு இஷிட்சுகா என்ற இன்னொரு ஜப்பானியர். ஒரு வரி தட்டி எண்டர் கொடுத்தால் அது படிக்கும், செய்து பார்க்கும், விடையைக் காட்டும், அடுத்த வரிக்குக் காத்திருக்கும். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று கணக்கு சாரிடம் ஒவ்வொரு படியாகக் கேட்பது மாதிரி. 2 கூட்டல் 3 என்று தட்டினால் உடனே 5 வரும்.

நம்ம பள்ளிக் கணினி ரொம்பப் பழையது. அதில் இருந்த ரூபியின் பதிப்பு 1.8.7. அது 2008-இல் வந்தது. அதைப் பராமரிப்பதையே 2013-இல் நிறுத்திவிட்டார்கள். கண்காட்சி முடிந்த வாரம் என் பெரியம்மா மகள் ஊருக்கு வந்தாங்க. கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறாங்க. அவங்களிடம் அழாத குறையாகச் சொன்னேன். "ப்ரோகிராமை விடு. முதல்ல ஐஆர்பியில ஒரே ஒரு சொல்லைக் கேட்டுப் பாரு" என்றாங்க.

அம்மாவில் எத்தனை எழுத்து?

"அம்மா" என்று தட்டி, ஒரு புள்ளி வைத்து, லெங்த் என்று கேட்டேன். லெங்த் என்றால் நீளம். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டணும். இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.) ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். ஐஆர்பி சொன்ன விடை 15!

ஏன் 15? அக்கா நோட்டில் எழுதிக் காட்டினாங்க.

யூனிகோடு முறையில் "ம்" என்பது ம, அதன் மேல் புள்ளி என்று இரண்டு துண்டு. "மா" என்பது ம, துணைக்கால் என்று இரண்டு துண்டு. அப்படிப் பார்த்தால் அம்மா என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 5 துண்டு. கணினியில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட் இடம் வேணும். 5 பெருக்கல் 3, ஆக 15. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். அதனால்தான் "மேடம்" சரியாக வந்தது. பழைய ரூபி எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணியது. தாத்தாவைத் திருப்பச் சொன்னால் 18 பைட்டையும் தலைகீழாக்கி, யாருக்கும் புரியாத கோலமாக்கிவிட்டது. பிறகு எப்படி இரண்டும் ஒன்றாக இருக்கும்?

பதிப்பு மாற்றும் முன் செய்தது

"புதுசு போட்டுடலாம், ஆனா அவசரப்படாதே" என்று அக்கா சொன்னாங்க. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினோம். பிறகு இந்த வரிசையில் செய்தோம்.

1. இப்போது இருக்கும் பதிப்பு எண் என்ன என்று பார்த்து நோட்டில் எழுதினோம்.

2. என் ப்ரோகிராம்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்தோம். ஐஆர்பியில் மட்டும் தட்டி வைத்த மதிப்புகள், வெளியே வந்தால் மறைந்துவிடும். வேண்டியதைக் கோப்பில் சேமிக்கணும்.

3. பத்துக் கேள்வி எழுதி, பழைய ஐஆர்பி சொன்ன விடையை ஒரு பக்கம் குறித்தோம். மறுபக்கம் காலியாக விட்டோம்.

4. டெபியன் 12 என்ற லினக்ஸைப் புதிதாக நிறுவினோம். அதில் கிடைக்கும் ரூபி 3.1-ஐ அக்காவின் போன் நெட்டில் இறக்கினோம். ஐஆர்பியும் கூடவே வந்தது.

5. அதே பத்துக் கேள்வியைத் திரும்பக் கேட்டு மறுபக்கத்தை நிரப்பினோம்.

மூன்றாவது படி எதுக்கு என்று முதலில் எனக்குப் புரியலை. பிறகுதான் புரிந்தது. "அம்மா"வின் முதல் எழுத்து என்ன என்று கேட்டால் பழையது 224 என்றது. அது முதல் பைட்டின் எண். புதியது "அ" என்றது. ஆகா என்று கை தட்டினேன். ஆனால் என்னிடம் இன்னொரு ப்ரோகிராம் இருந்தது. ஆங்கிலப் பாடத்துக் கடினச் சொற்களில் சின்ன ஏ எழுத்தில் தொடங்குபவை எத்தனை என்று எண்ணுவது. பழைய ரூபியில் அந்த எழுத்துக்கு 97 என்ற எண் வரும் என்பதால், முதல் எழுத்து 97 தானா என்று கேட்டு எழுதியிருந்தேன். பழையதில் வந்த விடை 12. புதியதில் விடை 0. ஏன் என்றால், புதியது எண்ணைத் தராமல் எழுத்தையே தருகிறது. 97-ம் எழுத்தும் ஒன்றாகாது இல்லையா? பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. சத்தமே இல்லாமல் தப்பு விடை சொன்னது. நோட்டில் 12 என்று எழுதி வைத்திருக்காவிட்டால் 0 என்பதையே நம்பியிருப்பேன்.

புதிய பதிப்பிலும் தாத்தா இல்லை!

இப்போது முக்கியமான சோதனை. "அம்மா"வின் நீளம் கேட்டேன். 15 போய் 5 வந்தது. பைட்டை விட்டுவிட்டு யூனிகோடு துண்டுகளை எண்ணுகிறது. இந்த மாற்றம் 1.9 வரிசையில் வந்தது. அதன் முதல் வெளியீடு 2007 டிசம்பர். ஜப்பானிய எழுத்தும் ஒரு பைட்டில் அடங்காது. அதனால் அவங்களுக்கும் இது தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசையோடு "தாத்தா"வைத் திருப்பி ஒப்பிடச் சொன்னேன். மறுபடியும் "இல்லை"! "கடக" என்று கொடுத்தால் மட்டும் "ஆம்". அதில் துணைக்காலும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரே துண்டு. தாத்தாவைத் துண்டு துண்டாகத் திருப்பினால் துணைக்கால் முன்னால் வந்து நிற்கும். தமிழில் எங்காவது துணைக்கால் முதலில் வருமா?

எனக்குச் சோர்ந்துவிட்டது. அக்கா சிரிச்சாங்க. "பதிப்பு மாறிடுச்சு. உன் கேள்வி மாறலையே?" என்றாங்க.

சொல்லுக்கு எஸ் என்று பெயர் வைத்து, ஒரு புள்ளி வைத்து, ஜி எழுத்தைத் தட்டச் சொன்னாங்க. உடனே கீழே ஒரு பட்டியல் விரிந்தது. அந்த எழுத்தில் தொடங்கும் கட்டளைகளை அதுவே காட்டுகிறது! இந்த வசதி 2021 டிசம்பரில் வந்த ரூபி 3.1-இன் ஐஆர்பியில் புதிதாகச் சேர்ந்தது. பழைய கறுப்புத் திரையில் இப்படித் தானாகப் பட்டியல் விரியாது. பட்டியலில் கிராஃபீம் கிளஸ்டர்ஸ் என்று ஒன்று இருந்தது. 2017 டிசம்பரில் வந்த 2.5 பதிப்பில் சேர்த்தது. மனிதர்கள் ஒரே எழுத்தாகப் பார்ப்பதை ஒரே கட்டாகப் பிரித்துத் தரும் கட்டளை.

"அம்மா"வுக்குக் கொடுத்தேன். அ, ம், மா என்று பிரித்துக் காட்டியது. எண்ணச் சொன்னேன். 3!

அப்படிப் பிரித்த கட்டுகளைத் திருப்பி ஒப்பிட்டால் தாத்தா "ஆம்". விகடகவி "ஆம்". குடகு "ஆம்". தேருவருதே "ஆம்". நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

ஒரே சொல், மூன்று விடை

அம்மா: பைட் 15, துண்டு 5, எழுத்து 3.
தாத்தா: பைட் 18, துண்டு 6, எழுத்து 3.
விகடகவி: பைட் 21, துண்டு 7, எழுத்து 5.

மூன்று விடையுமே பொய் இல்லை. பென் டிரைவில் எவ்வளவு இடம் வேணும் என்று தெரியணும்னா பைட் கணக்குதான் சரி. தமிழ் விளையாட்டுக்கு எழுத்துக் கணக்கு வேணும். நமக்கு எது வேணும் என்று நாம்தான் சொல்லணும்.

இன்னும் ஒரு குறை இருக்கு. "க்ஷ" என்பதை நாம் ஒரு எழுத்தாக எழுதுகிறோம். ஐஆர்பி அதை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். "ஸ்ரீ"யையும் அப்படித்தான். அந்தச் சொற்கள் வந்தால் ப்ரோகிராமில் தனியாகக் கவனிக்கணும்.

உங்களுக்குத் தெரியுமா?

* ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று ரூபியின் புதிய பதிப்பை வெளியிடுவது பல ஆண்டு வழக்கம்.

* 2019 டிசம்பரில் வந்த ரூபி 2.7-இலிருந்து ஐஆர்பியில் பல வரிகளைச் சேர்த்துத் திருத்தலாம். அதுக்கு முன்னால் ஐந்து வரி தட்டி நடுவில் ஒரு எழுத்து தப்பானால், ஒவ்வொரு வரியாகத் திரும்பக் கொண்டுவரணும்.

* ரூபியில் நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம்.  இப்போது "சொல்" என்றே பெயர் வைத்து அதற்குள் தாத்தாவை வைத்திருக்கிறேன்.

கடைசியாக

பதிப்பை மாற்றினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புதிய பதிப்பு கருவியைத்தான் தந்தது. கேள்வியை மாற்றியபோதுதான் விடை மாறியது. அதோடு, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ப்ரோகிராம் கெட்டும் போனது. அதனால் என்னைப் போல எழுதிப் பழகுபவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். பதிப்பு மாற்றும் முன் பழைய விடைகளை நோட்டில் எழுதி வையுங்க. சோதிக்கும்போது நாம் பேசும் தமிழிலேயும் சோதியுங்க.

கண்காட்சியில் கேட்ட ஏழாம் வகுப்புத் தம்பிக்கு: வெள்ளிக்கிழமை சத்துணவு இடைவேளையில் கணினி அறைக்கு வா. தாத்தாவைத் தட்டு. இப்போது அதுக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த வேறு மாலைமாற்றுச் சொற்களையும் எழுதிக்கொண்டு வா. அது தப்பாகச் சொன்னால் இந்தச் சுவரிலேயே எழுதி ஒட்டுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி