கடல் கடந்து வந்த இருப்புப்பாதைக் கலை

மயிலாப்பூரில் திருமயிலை நிலையத்தின் அருகே நின்று நோக்குவார்க்கு, இருப்புப்பாதையின் இருவேறு காலங்கள் ஒருங்கே தோன்றும். மேலே, 1997 ஆம் ஆண்டில் அவ்விடத்தை எட்டிய பறக்கும் இரயில் தூண்களின்மீது செல்கின்றது. கீழே, நிலத்தின் ஆழத்தில், மெட்ரோ இரயிலின் மூன்றாம் வழித்தடமும் நான்காம் வழித்தடமும் சந்திக்கும் இடம் அமைந்துள்ளது. இவற்றுள் மூன்றாம் வழித்தடம் மாதவரத்தில் தொடங்கி, மயிலாப்பூர், மந்தைவெளி ஆகிய பகுதிகளைக் கடந்து, ஆற்றின் அடியிற் புகுந்து அடையாற்றை அடைந்து, திருவான்மியூர் வழியே தெற்கு நோக்கிச் செல்வது. இப்பாதையின் பெரும்பகுதி ஜப்பான் நாடு அளிக்கும் கடனுதவியால் அமைவதாகும். கிழக்குக் கடலில் உள்ள அத்தீவு நாட்டிற்கும் மயிலாப்பூர் மண்ணிற்கும் இத்தொடர்பு எவ்வாறு உண்டாயிற்று என்பது அறியத்தக்கது.

இருப்புப்பாதையைப் பொறுத்தவரை, சென்னை ஜப்பானுக்கு மூத்தது. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி 1856 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்நாளில் ஜப்பானில் மக்கள் ஏறிச் செல்லும் புகைவண்டி ஒன்றேனும் இல்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1872 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளன்றுதான், தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பாதை திறக்கப்பெற்றது. அதற்கு வேண்டிய பணம் இலண்டனில் கடனாகப் பெறப்பட்டது. பணியை வகுத்த தலைமைப் பொறியாளர் எட்மண்ட் மோரல் என்னும் ஆங்கிலேயர். பாதை திறக்கப்படும் முன்னரே அவர் காலமானார். வண்டியை இழுத்த நீராவிப் பொறிகளும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவையே. இன்று பிறர்க்குக் கடன் கொடுக்கும் ஜப்பான், அன்று கடன் வாங்கிக் கற்ற மாணவனாகவே இருந்தது.

ஆயின், அம்மாணவன் கற்பதை நிறுத்தவில்லை. 1893 இல் ஜப்பான் மண்ணிலேயே செய்யப்பெற்ற முதல் நீராவிப் பொறி கோபே நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரில் நாடு பெரிதும் அழிந்த பின்னரும் அம்முயற்சி தளரவில்லை. தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதிய அதிவிரைவுப் பாதை ஒன்றை அமைக்க, 1961 இல் உலக வங்கியிடம் எட்டுக் கோடி டாலர் கடன் பெற்றது. 'ஷின்கான்சென்' என வழங்கும் அப்பாதை 1964 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று திறக்கப்பெற்றது. மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் அதன் வண்டிகள் ஓடின. வாங்கிய கடனும் 1981 இல் முற்றும் அடைக்கப்பெற்றது. 2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோது, நில அதிர்வை முன்னரே உணரும் கருவிகள் மின்னோட்டத்தை நிறுத்தின. விரைந்து சென்ற வண்டிகள் தாமே நின்றன. அவற்றிலிருந்த பயணி ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இத்தகைய திறன் பெற்ற நாடு, அதனைப் பிற நாடுகளுக்கும் விற்க விழைதல் இயல்பே. உள்நாட்டில் முதன்மையான பாதைகள் பெரும்பாலும் அமைந்துவிட்டன. தொழிற்சாலைகளுக்கோ தொடர்ந்து வேலை வேண்டும். பிறநாட்டின் நட்பும் இதனால் வலுப்பெறும். ஆகவே, ஜப்பானின் இருப்புப்பாதை ஏற்றுமதி மூவகையாக நிகழ்கின்றது. பொருளை விற்றல் ஒன்று; பணத்தைக் கடனாக ஈதல் மற்றொன்று; செய்முறையைக் கற்பித்தல் மூன்றாவது. இம்மூன்றையும் நம் நாட்டில் காணலாம்.

பொருள் வந்த வரலாற்றுக்குத் தியாகராயநகரின் மாம்பலம் நிலையம் சான்று பகரும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையேயுள்ள மீட்டர்பாதையில் 1931 ஆம் ஆண்டிலேயே மின்வண்டி ஓடத் தொடங்கியது. பின்னர் 1960களின் நடுப்பகுதியில், மிட்சுபிஷி முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் செய்தளித்த மீட்டர்பாதை மின்பொறிகள் சென்னைக்கு வந்தன. எழும்பூரிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் தொடர்களை இழுத்துக்கொண்டு அவை மாம்பலத்தைப் பல்லாண்டுகள் கடந்து சென்றன. பாதை அகலப்பாதையாக மாறியபோது அவற்றின் பணி முடிவுற்றது.

பணம் வந்த வரலாற்றுக்குச் சென்னை மெட்ரோ சான்றாகும். அதன் முதற்கட்டத்துக்கான கடன் ஒப்பந்தம் 2008 நவம்பரில் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையுடன் செய்யப்பெற்றது. முதற்கட்டச் செலவில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை அக்கடனே தாங்கியது. 2015 ஜூன் 29 இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. 2018 மே மாதத்தில் சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை நிலையங்கள் திறக்கப்பெற்றன. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் செலவாகும் என மதிப்பிட்டு, மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இதில் ஏறத்தாழ 52 கிலோமீட்டர்ப் பகுதி ஜப்பானியக் கடனைச் சார்ந்தது. தியாகராயநகரின் பனகல் பூங்கா வழியே செல்லும் நான்காம் வழித்தடத்துக்கோ வேறு பன்னாட்டு வங்கிகள் கடன் அளிக்கின்றன. மேலும், கடன் ஜப்பானுடையதாயினும் முதற்கட்ட வண்டிகள் ஜப்பானில் செய்யப்பெறவில்லை. பிரான்சு நாட்டு ஆல்ஸ்டம் நிறுவனம் அவற்றைப் பிரேசிலிலும், ஆந்திர மாநிலத்து ஸ்ரீசிட்டியிலும் செய்தளித்தது. எனவே, கடன் ஈதல் வேறு. பொருள் விற்றல் வேறு என்பது தெளிவாம்.

செய்முறை வந்த வரலாற்றைத் தில்லி மெட்ரோவிற் காணலாம். 1997 இல் கடன் அளித்த ஜப்பானியர், பணியிடத்தில் ஒவ்வொருவரும் தலைக்கவசமும் காலணியும் அணிதல், கருவிகளை உரிய இடத்தில் ஒழுங்குற வைத்தல், குறித்த நேரத்துக்குப் பணி தொடங்குதல் ஆகியவற்றை வலியுறுத்தினர். 2002 டிசம்பரில் தில்லியின் முதற்பகுதி திறக்கப்பெற்றது. அப்பணியிடங்களில் வேரூன்றிய ஒழுங்கு பிற நகரங்களின் மெட்ரோப் பணிகளுக்கும் வழிகாட்டியாயிற்று. காண்பார்க்கு இது சிறிதெனத் தோன்றும்; ஆயின், தொழிலாளியின் உயிரைக் காப்பது இச்சிறு பழக்கமே.

பொருள், பணம், செய்முறை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடும் பெரும்பணி, மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் நீளத்துக்கு வகுக்கப்பெற்ற அதிவிரைவுப் பாதையாகும். 2017 செப்டம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. செலவில் நூற்றுக்கு 81 பங்கு ஜப்பானியக் கடனாகவும், அதற்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்காகவும், திருப்பிச் செலுத்தும் காலம் ஐம்பது ஆண்டுகளாகவும் வகுக்கப்பெற்றன. சரளைக் கல்லின்றிக் கான்கிரீட்டுப் பலகைகளின்மீது தண்டவாளம் பதிக்கும் முறையில் நம் பொறியாளர்கள் ஜப்பானியரிடம் பயிற்சி பெற்றனர்.

வட்டி மிகக் குறைவாயினும் கடன் கடனேயாம். அது ஜப்பானிய நாணயமாகிய யென்னில் வாங்கப்பெறுவது. யென்னிலேயே திருப்பித் தரத்தக்கது. ரூபாயின் மதிப்புத் தாழ்ந்து யென்னின் மதிப்பு உயருமாயின், செலுத்தவேண்டிய தொகை பெருகும். ஐம்பது ஆண்டுக் கடனைத் தீர்ப்பவர் அதில் கையொப்பமிட்டோர் அல்லர். இன்று பள்ளியிற் பயிலும் மாணவரே ஆவர். ஆதலின், கடனால் வந்த பாதை எவ்வளவு நீளமுடையது என்று கேட்பதோடு அமையாது, அதனால் வந்த அறிவு எவ்வளவு என்றும் கேட்டல் வேண்டும்.

இதற்கு விடை கூறும் இடம் சென்னையிலேயே உண்டு. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 இல் சுவிட்சர்லாந்து நாட்டின் தொழில்நுட்ப உதவியால் தோன்றியது. அங்குக் கற்றோரின் வழிவந்தோரே 2018 இல் 'வந்தே பாரத்' என இந்நாளில் வழங்கும் விரைவுத் தொடரை உருவாக்கினர். மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வகுக்கப்பெறும் இரண்டு தொடர்களைச் செய்தளிக்குமாறு அத்தொழிற்சாலை 2024 இல் பெங்களூரைச் சார்ந்த பெமல் நிறுவனத்தைப் பணித்தது. இராயபுரத்தில் புகைவண்டி ஓடியபோது ஜப்பானில் மக்கள் ஏறிச் செல்லும் புகைவண்டி இல்லை. பின்னர் கற்றுச் சிறந்து ஆசான் ஆயிற்று. பிறரிடம் கற்றல் இழிவன்று. கற்பித்தவரையே என்றும் எதிர்நோக்கி நிற்றலே இழிவு. பொருள் தேயும், கடன் தீரும், கற்ற கைத்திறன் ஒன்றே தலைமுறை தோறும் நிலைத்து நிற்கும்.