திறன்பேசி இருப்பிடத் தகவலும் தனியுரிமைப் பாதுகாப்பும்

முன்னுரை

திறன்பேசியின் இருப்பிடத் தகவல் எவ்வழிகளில் வெளிச்செல்கிறது, அதனைப் பயனர் எந்த அளவிற்குத் தடுக்க இயலும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. செயற்கைக்கோள்கள் நம்மைக் கண்காணிக்கின்றன என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பிழையானது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் குறிப்பலைகளை அனுப்புகின்றன. திறன்பேசி அவற்றைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடுகிறது. கசிவு அதன் பின்னரே நிகழ்கிறது.

கசியும் வழிகள்

அழைப்பு வந்துசேர வேண்டுமெனில், கைபேசி எக்கோபுரத்தின் எல்லையில் உள்ளது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் அறிந்தாக வேண்டும். எனவே இருப்பிடச் சேவையை அணைத்தாலும் இப்பதிவு தொடரும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த கார்ப்பெண்டர் வழக்கில், ஒருவருடைய 127 நாள் நடமாட்டம் 12,898 இடக்குறிப்புகளாகப் புலனாய்வாளர்களிடம் இருந்தது. இத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாகச் சோதனை ஆணை தேவை என அந்நீதிமன்றம் கூறியது.

செயலிகளின் வழி வேறு. பயனர் ஒருமுறை அளித்த இசைவைக் கொண்டு அவை இருப்பிடத்தைத் திரட்டி, விளம்பர அடையாள எண்ணுடன் இணைத்துப் பிறருக்கு வழங்க இயலும்.

பெயர் நீக்கம் காப்பாகுமா?

திரட்டிய தரவில் பெயர் இல்லை என்பது நிறுவனங்கள் வழக்கமாகக் கூறும் மறுமொழி. இவ்வாதம் நிற்பதில்லை. டி மான்ட்ஜாய் குழுவினர் 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தரவை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, நான்கு இட-நேரப் புள்ளிகளே 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டப் போதுமானவை. இரவில் தங்கும் வீட்டையும் பகலில் பணியாற்றும் கல்லூரியையும் இணைத்துப் பார்த்தாலே ஒரு பேராசிரியரை அறிந்துகொள்ளலாம் அன்றோ! துல்லியத்தைக் குறைத்தாலும் இத்தனித்தன்மை மெதுவாகவே குறைகிறது என்பது அவ்வாய்வின் முதன்மையான கண்டறிதல். ஆகவே ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 ஆகியவற்றில் வந்த ‘தோராய இருப்பிடம்’ என்னும் வசதி பயனுடையதாயினும் முழுக்காப்பு ஆகாது. செயலிக்கு இசைவையே மறுப்பதும், விளம்பர அடையாள எண்ணை நீக்குவதும் அதனினும் வலுவானவை. கோபுரப் பதிவுக்கோ, கைபேசியை அணைப்பதும் விமானப் பயன்முறையும் தவிர வேறு வழியில்லை.

சட்டநிலை

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றது. பிணையில் உள்ளவர் கூகுள் வரைபடத்தில் தம் இருப்பிடத்தைக் குறித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, பிராங்க் வைட்டஸ் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிணையில் உள்ளவரின் நடமாட்டத்தைக் காவல்துறை இடையறாது கண்காணிக்க நிபந்தனை விதித்தல் கூடாது என்பது அதன் முடிவு.

கள ஆய்வாளர் கவனத்திற்கு

ஆய்வுலகம் பெரிதும் கருதாத ஒன்று ஒளிப்படம். இருப்பிடப் பதிவு இயங்கும் நிலையில் எடுத்த படக்கோப்பினுள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகின்றன. தகவலாளியின் பெயரை ஆய்வேட்டில் மாற்றிவிட்டு, அவர் வீட்டு முற்றத்தில் எடுத்த மூலக்கோப்பை அப்படியே பகிர்ந்தால் பெயர்மாற்றம் பொருளற்றதாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இத்தகவல் நீங்கும். ஆவணமாக அனுப்பினால் நீங்குவதில்லை. களத்திற்குச் செல்லும் முன்பே கேமரா செயலியின் இருப்பிட இசைவை நீக்கிவிடுவது எளிது.