ஆமைகளோடு ஒரு பேராசிரியர்

வனவிலங்குகளை ஆராய்வது ஒருவர் வேலை, அவற்றைப் பற்றிப் போதிப்பது இன்னொருவர் வேலை, காப்பது அரசாங்க இலாகாவின் வேலை என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டியிருப்பது ஏன் என்பதைத் திரெங்கானு கடற்கரையில் காணலாம்.

அங்குள்ள ரந்தாவ் அபாங் கரைக்குத் தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வந்துகொண்டிருந்தன. ஆமைகளிலெல்லாம் பெரியது இது. முதுகில் நட்சத்திரப் பழத்தைப் போல் வரம்புகள் இருப்பதால் மலாய்க்காரர்கள் இதனைப் 'பெலிம்பிங்' ஆமை என்பர். 1956இல் 10,000க்கு மேற்பட்ட கூடுகள் அங்கே எண்ணப்பட்டன. முட்டைகள் பெரும்பாலும் சந்தைக்குப் போயின. குஞ்சு வளர்ந்து முட்டையிடத் திரும்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே, முட்டைகளை ஒன்றுவிடாமல் எடுத்தாலும் கரைக்கு வரும் ஆமைகள் உடனே குறைவதில்லை. அதனால் பலர் கவலைப்படவில்லை.

1961இல் அங்கே பொரிப்பகம் தொடங்கப்பட்டது. முட்டைகளில் ஒரு பகுதியை வேலியிட்ட மணலில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டனர். நல்ல காரியந்தான். ஆனால் அந்த மணலின் சூடு என்ன? இதைக் கேட்க ஆராய்ச்சியாளர் வேண்டியிருந்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது, முட்டை கிடக்கும் மணலின் வெப்பமே. வெப்பம் ஏறினால் பெண், இறங்கினால் ஆண். பின்னாளில் மலேசியத் திரெங்கானுப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிலையத்தில் கற்பித்த பேராசிரியர் சான் எங் ஹெங்கும், உடன் பணியாற்றிய லியூ ஹோக் சார்க்கும் இதை அளந்து பார்த்து 1995இல் வெளியிட்டனர். பொரிப்பகக் குஞ்சுகள் ஏறத்தாழ அனைத்துமே பெண்! முட்டை தின்றதும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கி மாண்டதும் பெரிய காரணங்கள். காக்கப் போன இடத்திலும் இப்படியொரு கோளாறு. 2000க்குப் பின், கூடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய ஆண்டுகளும் வந்தன.

இந்தப் பாடம் வேறிடத்தில் பயன்பட்டது. 1993 முதல் ரெடாங் தீவின் சாகார் ஊத்தாங் கரையில், பச்சை ஆமைகளின் முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காத்தனர். நிழலும் வெயிலும் கலந்த கரையில் கூடுகளின் வெப்பமும் பலவாறாக இருக்கும். மாணவர்களும் தொண்டூழியர்களும் அங்கே இராக் கண்விழிக்கலாயினர்.

ஓய்வு பெற்ற பின்னும் சான் எங் ஹெங் சும்மா இருக்கவில்லை. 2011இல் மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். கெமாமான் ஆற்றங்கரைக் கிராமத்தாரோடு சேர்ந்து ஆற்றாமை முட்டைகளைப் பொரிக்க வைக்கலானார். திரெங்கானுவில் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் 2022இல்தான் தடை வந்தது.

இத்துறையை நாடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விலங்கியல் பட்டம் வேண்டும், கணக்கும் வேண்டும். பெரும்பொழுது கழிவது ஆமையைக் கொஞ்சுவதில் அல்ல. பொரித்து முடிந்த கூட்டைத் தோண்டி, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, வெற்று ஓடு எத்தனை, கெட்ட முட்டை எத்தனை என்று எண்ணி ஏட்டில் எழுதுவதில்தான்.