ஒரு டொலருக்கு விற்ற உரிமை

நம் சபை வாலிபர்களில் பலர் இப்போது படிப்போடு ஒரு சிறு தொழிலையும் நடத்துகிறார்கள். ஒருவர் பிறந்தநாள் கேக் செய்கிறார். ஒருவர் கடைகளுக்கு லோகோ வரைந்து கொடுக்கிறார். ஒருவர் பாட்டெழுதி இசையமைத்து யூடியூப்பில் ஏற்றுகிறார். இன்னொருவர் நண்பர்களோடு சேர்ந்து கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்குகிறார். இவர்களோடு பேசும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "நாங்கள் கஷ்டப்பட்டுச் செய்ததை வேறொருவர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?" அதோடு இன்னொரு கேள்வியும் தயக்கத்தோடு வருகிறது: "இது என்னுடையது, கேட்காமல் எடுக்காதே என்று சொல்வது விசுவாசப் பிள்ளைகளுக்கு அழகா?"

இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேட நாம் தூரம் போகவேண்டியதில்லை. நம் ரொறன்ரோ நகரத்திலேயே, நம் வீடுகளில் பலர் தினமும் ஏற்றிக்கொள்ளும் ஒரு மருந்தின் கதையில் அது இருக்கிறது.

மூவர் விற்ற உரிமை

1920 ஒக்டோபர் முடிவில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் இருந்த பிரெட்ரிக் பான்டிங் என்ற இளம் மருத்துவருக்கு நீரிழிவைப் பற்றி ஒரு யோசனை தோன்றியது. 1921 கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில், சார்ல்ஸ் பெஸ்ட் என்ற மாணவரோடு சேர்ந்து அவர் ஆய்வைத் தொடங்கினார். அந்த ஆண்டின் முடிவில் ஜேம்ஸ் கொலிப் என்ற உயிர்வேதியியலாளரும் சேர்ந்தார். 1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ பொது மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரிவரப் பலன் தரவில்லை. கொலிப் மருந்தை மேலும் சுத்திகரித்த பிறகு, ஜனவரி 23ஆம் திகதி மறுபடி ஊசி போட்டார்கள். சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. அதுவரை இந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைப் பட்டினிக்கு ஒப்பான உணவில் வைத்துச் சில காலம் உயிரோடு காப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒரு மருந்தை என்ன செய்வது? "உரிமையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உலகத்துக்குச் சும்மா கொடுத்துவிடலாம்" என்று நம்மில் பலர் சொல்லக்கூடும். பான்டிங்கும் ஒரு மருத்துவர் மருந்துக்கு உரிமை கொண்டாடுவது தகாது என்று நினைத்துத் தன் பெயரைச் சேர்க்கத் தயங்கியவர்தான். ஆனால் சும்மா விட்டிருந்தால் இரண்டு ஆபத்துகள் இருந்தன. யாரோ ஒருவர் அதே முறைக்குத் தன் பெயரில் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், எடுத்துக்கொண்டு மற்ற எல்லோருக்கும் வாசலை அடைத்துவிடலாம். அல்லது தரமில்லாத மருந்தை யார் வேண்டுமானாலும் செய்து 'இன்சுலின்' என்று விற்கலாம். அளவு தவறினால் உயிரைப் பறிக்கும் மருந்து அது.

ஆகவே அவர்கள் காப்புரிமை எடுத்தார்கள். 1923இல் பான்டிங், பெஸ்ட், கொலிப் மூவர் பெயரிலும் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மூவரும் அதை ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு விற்றார்கள்.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. ஒரு குழு அமைத்து, யார் தயாரிக்கலாம் என்று உரிமம் கொடுத்தது. மருந்தின் தரத்தைச் சோதித்தது. வந்த உரிமத் தொகையை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியது. பெருமளவில் தயாரிக்கும் வசதி இருந்த அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனத்துக்கு முதலில் ஓராண்டு தனியுரிமை தந்தது. 1922 முடிவில் டென்மார்க்கிலிருந்து வந்த விஞ்ஞானி ஓகஸ்ட் குரோக், நீரிழிவால் அவதிப்பட்ட தன் மனைவி மரியை மனதில் வைத்துக்கொண்டு, ஸ்கண்டிநேவிய நாடுகளில் தயாரிக்க அனுமதி பெற்றுச் சென்றார். அங்கே தொடங்கிய நோர்டிஸ்க் ஆய்வுகூடத்தின் வாரிசுதான் இன்றைய நோவோ நோர்டிஸ்க்.

கவனியுங்கள். அந்த மூவருக்கும் உரிமை இருந்தபடியால்தான் அதை ஒரு டொலருக்குக் கொடுக்க முடிந்தது. யார் செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று நிபந்தனை வைக்கவும் முடிந்தது. தன் கையில் இல்லாததை ஒருவரும் தானமாகக் கொடுக்க முடியாது.

எது எதைக் காக்கும்?

மூளை உழைப்பால் உண்டாகும் சொத்தைப் புலமைச் சொத்து என்கிறோம். அதற்கு ஒரே பூட்டு இல்லை. பொருளுக்கு ஏற்றபடி பூட்டும் மாறும். கனடாவில் நாம் அறிந்திருக்கவேண்டியவை நான்கு.

காப்புரிமை: புதிய, பயனுள்ள, துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாத கண்டுபிடிப்புக்கு உரியது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு வரை நிற்கும். பதிலாக, செய்முறையை உலகம் அறிய எழுதிக்கொடுக்க வேண்டும். கனடாவில் உங்கள் கண்டுபிடிப்பை நீங்களே வெளியிட்டாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. அறிவியல் கண்காட்சியில் காட்டுமுன், யூடியூப்பில் போடுமுன் இதை யோசியுங்கள்.

பதிப்புரிமை: பாட்டு, படம், புகைப்படம், கட்டுரை, கணினி நிரல் ஆகியவற்றுக்கு உரியது. பதிவு செய்யாவிட்டாலும், படைத்த கணமே வந்துவிடும். 2022 முடிவில் வந்த மாற்றத்தின்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். ஆனால் இது வெறும் யோசனையைக் காக்காது. "சங்கீதத்தை ராப் பாணியில் பாடலாம்" என்ற எண்ணம் எல்லோருக்கும் பொது. நீங்கள் எழுதிய மெட்டும் வரியும் உங்களுடையவை.

வணிகக் குறி: உங்கள் பொருளை அடையாளம் காட்டும் பெயர், சின்னம். பதிவு 10 ஆண்டு நிற்கும். திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். விற்கும் பொருளின் பெயரையே, எந்த மொழியில் இருந்தாலும், பதிய முடியாது. கறித்தூள் விற்பவர் 'கறித்தூள்' என்ற தமிழ்ச் சொல்லைத் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று அர்த்தம்.

தொழில் இரகசியம்: அம்மம்மாவின் கறித்தூள் பக்குவத்துக்கு இதுதான் பொருத்தம். எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்ற பட்டியலைப் பதிப்புரிமை காக்காது. இரகசியமாக வைத்திருக்கும்வரைதான் அது உங்களுடையது. வேலைக்கு வருபவரிடம் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது அவர்மேல் சந்தேகம் அல்ல, ஒழுங்கு.

தொழிலாக நடத்துவோருக்கு

முதலாவது, எழுத்து. நம் ஆட்கள் "தெரிந்த பிள்ளைதானே" என்று வாய்ப்பேச்சில் வேலையை முடித்துவிடுகிறார்கள். பிறகுதான் மனஸ்தாபம். நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் வேலைக்காகப் படைத்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். ஆனால் தனியாக வேலை எடுத்து ஒரு கடைக்கு லோகோ வரைந்து கொடுத்தால், கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். கடைக்கார அங்கிள் காசு கொடுத்ததால் எல்லாம் தனக்கே என்று நினைப்பார். வரைந்தவர் வேறு நினைப்பார். வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதிக்கொண்டால் இரு வீட்டு உறவும் தப்பும்.

இரண்டாவது, பெயர். ஒன்ராறியோவில் தொழிற்பெயரைப் பதிந்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. அது வேறு, வணிகக் குறிப் பதிவு வேறு. பதியாத குறிக்கு உங்கள் பெயர் அறியப்பட்ட வட்டாரத்தில் மட்டுமே பாதுகாப்பு. பதிந்த குறிக்குக் கனடா முழுவதும். பெயர்ப்பலகை அடிக்குமுன் கனடியப் புலமைச் சொத்து அலுவலகத்தின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது, கவனிப்பு. உரிமையை எடுத்தால் போதாது; பராமரிக்கவும் வேண்டும். காப்புரிமைக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. ஒசெம்பிக் மருந்திலுள்ள செமகுளுரைட்டுக்கு நோவோ நோர்டிஸ்க் கனடாவில் காப்புரிமை வைத்திருந்தது. தாமதக் கட்டணத்தோடு சேர்த்து 450 டொலர் கட்டவேண்டியிருந்தது. அது கட்டப்படவில்லை, 2019இல் அந்தக் காப்புரிமை காலாவதியானது. உலகப் பெரும் நிறுவனத்துக்கே இப்படி என்றால், நம் திகதிகளை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

நம் கை சுத்தமா?

நம்முடையதைக் காக்கக் கேட்கும் நாம், பிறருடையதை எப்படிக் கையாளுகிறோம்? எட்டாம் கட்டளை கைக்கு அகப்படும் பொருளுக்கு மட்டும் அல்ல. கூகுளில் கிடைத்த புகைப்படத்தைக் கேக் விளம்பரத்தில் போடுவது, திருட்டு மென்பொருளில் வேலை செய்து காசு வாங்குவது, சினிமாக் கதாபாத்திரத்தை ரீசேர்ட்டில் அச்சடித்து விற்பது, எல்லாம் அந்தக் கணக்கில்தான். கனடியச் சட்டப்படி வணிக நோக்கில் பதிப்புரிமையை மீறினால், ஒரு படைப்புக்கு 500 முதல் 20,000 டொலர் வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம்.

சபைக்கும் இது பொருந்தும். ஆராதனையில் நேரடியாகப் பாடுவதற்குச் சட்டம் சலுகை தருகிறது. பாடல் வரிகளைப் பிரதியெடுப்பதும் நேரலையில் ஒளிபரப்புவதும் வேறு விடயங்கள். அவற்றுக்கு அனுமதி வேண்டும். சபைகளுக்கென ஆண்டு உரிமம் வழங்கும் சி.சி.எல்.ஐ. 1988 முதல் இயங்குகிறது. அதன் பட்டியலில் இல்லாத புதிய தமிழ்ப் பாடல் என்றால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். 1864இல் மறைந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அவை எல்லோருக்கும் பொது. ஆனால் அதே கீர்த்தனையை இன்று ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு அவருடையது.

பூட்டும் திறப்பும்

இன்சுலின் கதை 1923இல் முடியவில்லை. பின்னாளில் வந்த புதிய வகை இன்சுலின்களுக்குப் புதிய காப்புரிமைகள் வந்தன. அமெரிக்காவில் விலை ஏறி, மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொண்ட நோயாளிகளும் உண்டு. 2023இல் லில்லி நிறுவனம் தன் முக்கிய இன்சுலின்களின் விலையை 70 வீதம் குறைப்பதாகவும், நோயாளி கட்டும் தொகை மாதம் 35 டொலரைத் தாண்டாமல் செய்வதாகவும் அறிவித்தது. ரொறன்ரோவில் வாசலைத் திறந்துவைத்த அதே சட்டக் கருவி, வேறிடத்தில் வாசலை ஒடுக்கவும் உதவியது. கருவி ஒன்றுதான். திறப்பு யார் கையில், அவர் மனதில் என்ன என்பதே வித்தியாசம்.

ஆகவே தயங்கும் வாலிபருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: உங்கள் உழைப்பைப் பதியுங்கள், எழுதிவையுங்கள், நியாயமான விலை கேளுங்கள். அது பேராசை அல்ல; கர்த்தர் கையில் தந்த தாலந்துக்குக் கணக்கு வைப்பது. அதன் பின், அதில் எதை விற்பது, எதை இலவசமாகக் கொடுப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

வாலிபர் கூடுகையில் பேசுவதற்கு

1. உங்கள் தொழிலில் அல்லது படிப்பில் நீங்கள் படைத்தவை எவை? அவை இப்போது யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் உண்டா?

2. பிறர் படைப்பில் எதை நாம் கேட்காமல் பயன்படுத்துகிறோம்? இந்த மாதமே சரிசெய்யக்கூடியது எது?

3. பான்டிங்கின் இடத்தில் நீங்கள் இருந்தால் ஒரு டொலருக்கு விற்றிருப்பீர்களா? பெற்றோரிடமும் கேட்டுப் பாருங்கள்.